முப்பது கோழிக் கணக்கு

ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் பல்லடத்துத் தீவன மில்லில் முதலில் சாத்துவது மருந்து ரூமின் கதவைத்தான். மக்காச்சோளத் தூசியும் புண்ணாக்குத் தூசியும் மில் முழுக்கப் பறந்தாலும் பறக்கட்டும், மருந்து பறக்கக் கூடாது. கோழிக்குக் கறி கூடுவதற்கு ஒன்று, கால் உறுதிப்பட ஒன்று, சீக்கு அண்டாமல் இருக்க ஒன்று என்று அந்த எட்டுக்கு எட்டு அறையில் பதினாலு வகைப் பொடி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். ஒரு டன் தீவனத்துக்கு எது எத்தனை கிராம் என்று சீட்டு வரும். அதைப் பார்த்து எடை நிறுத்து, பக்கெட்டில் போட்டு மிக்சருக்கு அனுப்புவது அன்புமணியின் வேலை. வேலை இல்லாத நேரத்தில் மூட்டையும் தூக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு நாலாவது பேட்ச் போனதும் அவன் கதவுக்குத் தாழ் போட்டான். மூலையில் இருந்த வெள்ளைச் சாக்கின் வாயை அவிழ்த்து, சோற்றுக் கரண்டி நிறைய அள்ளி, அண்ணாந்து வாயில் கொட்டிக்கொண்டான். கசந்தது. கசப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கூடவே நாள்பட்ட மீன் மாதிரி ஒரு வாடை தொண்டையில் நின்றது. பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்து உள்ளே தள்ளினான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கரண்டியைச் சாக்குக்குள்ளேயே நட்டு வைத்தான். சித்திரையிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

சாக்கின் மேல் இருந்த பெயர் எல்-ஆர்ஜினைன்.

அன்புமணி பள்ளிக்கூடம் போகாதவன். இருபத்தாறு வயதில் இந்த மில்லுக்கு மூட்டை தூக்க வந்த பிறகு, மூட்டையில் இருந்த எழுத்தையும் சீட்டில் இருந்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இங்கிலீசு கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். ஒரு எழுத்து மாறினால் ஒரு பண்ணைக் கோழியே சுருண்டு விழும் என்ற பயத்தில் கற்றது, அதனால் மறக்கவில்லை. காலனியில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள்.

அவனுக்கும் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. மூன்று வருசத்துக்கு முந்தி. கல்யாணமாகி ஐந்து வருசம் முடிந்தும் செவ்வந்திக்கு ஒன்றும் நிற்கவில்லை என்று திருப்பூரில் ஒரு இடத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். செவ்வந்திக்கு ஸ்கேன், ரத்தம், எல்லாம் எடுத்தார்கள். அவனிடம் ஒரு டப்பாவைக் கொடுத்து உள்ளே போகச் சொன்னார்கள். சாயங்காலம் ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்து, "உங்க ஒய்புக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் உயிரணு எண்ணிக்கை கம்மி, ஓட்டமும் கம்மி" என்றார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. தினம் ஒன்றாகக் கரைத்துக் குடிக்கச் சொல்லி மூன்று மாதத்துக்குப் பொடிப் பாக்கெட் கொடுத்தார்கள்.

செவ்வந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வள்ளியாத்தாள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். அன்புமணி அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரல் ஓட்டி, அதில் இல்லாததை எல்லாம் படித்தான். "ரெண்டு பேருக்கும் கொறை இல்லையாமா. நாளாகுமாமா. எனக்கு முதுகு வலிக்கு சத்துப் பொடி எழுதியிருக்குது."

செவ்வந்தி சந்தோசப்பட்டாள். மூன்று மாதமும் அவளேதான் அந்தப் பொடியைக் கரைத்து, ஒரு கட்டி வெல்லத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "முதுகு எப்படி இருக்குது மாமா?" என்று கேட்பாள். "தேவலை" என்பான்.

பொடி தீர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வள்ளியாத்தாள் தனக்குத் தெரிந்த நியாயத்தைப் பேச ஆரம்பித்தாள். பையனுக்குக் குறை இல்லை என்று சீட்டே சொல்லிவிட்டது, அப்படியானால் யாருக்கு? இந்தக் கேள்வி அந்த வீட்டில் அடுப்புப் புகை மாதிரி எந்நேரமும் இருந்தது. செவ்வந்தி வேப்பங்கொழுந்து தின்றாள், வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள், ஈரச் சேலையோடு கோயிலைச் சுற்றினாள். அன்புமணி பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான்.

இந்தச் சித்திரையில் சோயா விலை ஏறியதும் தீவனத்தில் புண்ணாக்கைக் குறைத்து, பதிலுக்குப் புது மருந்து சேர்க்கச் சொல்லிச் சீட்டு வந்தது. வெள்ளைச் சாக்கு வந்து இறங்கியது. அன்புமணி எழுத்துக் கூட்டினான். கூட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். வீட்டில் அரிசி டப்பாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பழைய காலிப் பாக்கெட்டை மறுநாள் சட்டைப் பையில் கொண்டுவந்து சாக்கோடு ஒட்டிப் பார்த்தான். ஒரு எழுத்து பிசகவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டான். டன்னுக்கு ஒரு கிலோ. ஒரு கோழி நாற்பது நாளில் தின்பது நாலு கிலோ தீவனம், அதற்குள் போகிற மருந்து நாலு கிராம். கோழி இரண்டு கிலோ, தான் அறுபது கிலோ. ஆக முப்பது கோழி. நாற்பது நாளுக்கு நூற்றிருபது கிராம், ஒரு நாளைக்கு மூன்று கிராம். பாக்கெட்டைத் திருப்பினான். அதிலும் மூன்று கிராம்தான்.

கோழிக்கும் மனிதனுக்கும் ஒரே கணக்கு. அப்படியென்றால் பொடி சரியானதுதான், அளவுதான் போதவில்லை. கோழி நாற்பது நாளில் வளர்வதற்கு அந்த அளவு. ஒரு பிள்ளை உண்டாக வேண்டுமென்றால் முப்பது கோழிக் கணக்கு எப்படிக் காணும்? முன்னூறு கோழிக் கணக்கில் தின்ன ஆரம்பித்தான்.

*

மத்தியானம் எடைமேடை நிழலில் சோற்றுப் போசியைத் திறந்தபோது ஐயாசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தீவனத்தைக் குருணையாக்கும் பெல்லட் மெசினில் வேலை, அன்புமணியைவிடப் பத்து வயது மூத்தவன், மூன்று பெண் பிள்ளைக்கு அப்பன்.

"ஏண்டா அன்பு, வெடியால இருந்து நாலு தடவ கக்கூசுக்கு ஓடிட்ட. உங்கூட்டுல என்ன, பேதி மாத்திரையில கொழம்பு வெக்கறாளா?"

"சூடுங்ண்ணா."

"ஆடிக் காத்துல என்றா சூடு? மூஞ்சியப் பாரு, தோல் உரிச்ச கோழியாட்ட இருக்குது."

அன்புமணி கொள்ளுப் பருப்பைப் பிசைந்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. போசியை மூடினான். மணி அடித்ததும் சோயா மூட்டை இறக்க லாரிக்குப் போனான். முதல் மூட்டை தோளில் ஏறும்போதே காதுக்குள் விர்ரென்றது. நாலு எட்டு வைத்தான். மில்லின் தகரக் கூரை சாய்ந்து வருவது தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

கண் திறந்தபோது மருந்து ரூமுக்குள் கிடந்தான். ஐயாசாமி அவன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவிழ்ந்த சாக்கு வாயையும், உள்ளே நட்டு நின்ற சோற்றுக் கரண்டியையும், அன்புமணியின் கடைவாயில் காய்ந்திருந்த வெள்ளையையும் அவன் மாறி மாறிப் பார்த்தான்.

"இதைத் தின்னியா?"

அன்புமணி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நாயத்தைச் சொல்றா. இல்லீனா மொதலாளியக் கூப்புடறேன்."

சொன்னான். சீட்டு, பாக்கெட், முப்பது கோழி, எல்லாம். சொல்லும்போது பிள்ளை அழுவது மாதிரி விக்கி விக்கி அழுதான். ஐயாசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் மூஞ்சியைத் துடைத்துவிட்டான்.

"நல்ல வேளை. நாப்பதாவது நாளு லாரிக்காரன் வந்து கோழியோட உன்னையும் காலைக் கட்டி ஏத்தீட்டுப் போயிருப்பான்."

அன்புமணிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"சிரிக்காத. ஊட்டுல அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"இல்லீங்ண்ணா."

"அப்ப அது உன்றதையும் சேத்துச் சொமந்துட்டிருக்குது." ஐயாசாமி எழுந்து சாக்கைக் கட்டினான். "பல்லடத்துல முத்தலிப்புன்னு ஒரு டாக்டரு. ஆம்பளைச் சீக்குப் பாக்கறவரு. என்ற மச்சான் அங்கதான் பாத்தான். நாளைக்குப் போறே. போகலீனா நானே வந்து செவ்வந்திகிட்டச் சொல்லிப்போடுவேன்."

*

பொழுதோடு வீட்டுக்கு வந்தபோது செவ்வந்தி பனியன் கம்பெனியிலிருந்து வந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். பூண்டும் சீரகமும் வெடித்த வாசம் வாசல்வரை வந்தது. கூரைத் தகரம் காற்றில் தடதடத்தது. வள்ளியாத்தாள் கடலைக்காய் உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை ஆடி அமாவாசை. பூசாரிகிட்டச் சொல்லிப்போட்டேன். மூணாவது வருசம் மண்சோறு தின்னுட்டா அப்பறம் ஆத்தா பாத்துக்குவா. நடுவுல உட்டா ரெண்டு வருசம் தின்னதும் வீணு."

வெள்ளகோவில் ரோட்டில் காட்டுக்குள் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்கள் ஆடி அமாவாசைக்கு அங்கே வரிசையாக மண்டி போடுவார்கள். பூசாரி வெறுந்தரையில் ஆளுக்கு ஒரு கரண்டிச் சோறு போடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயாலேயே தின்ன வேண்டும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது.

"போறேனுங் அத்தை," என்றாள் செவ்வந்தி, கரண்டியைத் தட்டியபடி. "தரையை மட்டும் நல்லாக் கூட்டச் சொல்லுங்க. போன வருசம் ஒரு கல்லுக் கடிச்சு, கடைவாப் பல்லு ஆறு மாசம் வலிச்சுது. ஆத்தா புள்ளையக் குடுக்கறதுக்குள்ள எனக்குப் பொக்கை வாயாயிரும்."

"சாமி காரியத்துல எகத்தாளம் பேசாத அம்மணி. அதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

செவ்வந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அன்புமணி சட்டையைக் கழற்றாமல் நின்றான். இப்போது சொல்லிவிடலாம், வாயைத் திறந்தால் போதும். "சோறு ஆச்சா?" என்றுதான் அவன் வாயில் வந்தது.

*

டாக்டர் அப்துல் முத்தலிப் பழைய ரிப்போர்ட்டையும் அன்று காலை எடுத்த புது ரிப்போர்ட்டையும் பார்க்கும் முன்னால் அவனைப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தார். நிற்க வைத்தும் பார்த்தார். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். அன்புமணி கூச்சத்தில் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மூன்று மாதமாக என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னான்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கோழித் தீவனத்துக்குப் போடறதையா?"

"பேரு ஒண்ணுதானுங் சார். எழுத்துக் கூட்டிப் பாத்தனுங்க."

"பேரு ஒண்ணுதான். கோழிக்குன்னு செய்யறது வேற, மனுசனுக்குன்னு செய்யறது வேற. அது கெடக்கட்டும், எத்தனை?"

"ஒரு நாளைக்கு ஒரு சோத்துக் கரண்டிங்க."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தான். திட்டவில்லை.

"கேளுங்க. இந்த ஆர்ஜினைன் உடம்புக்குள்ள போயி நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை உண்டாக்கும். துளியோ துளி. அது இருந்தாத்தான் ரத்தக் குழாய் விரியும், உயிரணு வாலை ஆட்டி நீந்தும். கம்மியா இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் உதவும்னு இந்தப் பொடியக் குடுக்கறதுண்டு."

"அதேதானுங் சார் நானும்..."

"இருங்க. அதே வாயு அளவு மிஞ்சினா உயிரணுவை அரிச்சுப்போடும். நீச்சல் நின்னுரும். உங்களுக்கு என்னன்னா, இடது பக்கம் வெதைக்கு மேல நரம்பு புடைச்சு, ஒரு கைப்பிடி மண்புழுவாட்டச் சுருண்டு கெடக்குது. ரத்தம் மேல திரும்பாமத் தேங்குது, சூடு ஏறுது. இப்படித் தேங்கற எடத்துல அந்த வாயு ஏற்கெனவே எச்சா இருக்கும்னு பாத்திருக்காங்க. அந்த ஊட்டுக்குள்ள நீங்க இன்னும் நெருப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்க."

"இப்ப எத்தனைங் சார் இருக்குது?"

"மூணு வருசத்துக்கு முந்தி பதினோரு மில்லியன். இப்ப ஏழு. அதுலயும் பத்துக்கு ரெண்டுதான் ஒழுங்கா ஓடுது."

"மில்லியன்னா எத்தனைங்?"

"பத்து லட்சம்."

அன்புமணி மனதுக்குள் பெருக்கினான். "எழுவது லட்சத்துல ஒண்ணு கூடவாங் சார் போய்ச் சேரலை?"

டாக்டர் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். "ஒண்ணு போய்ச் சேரத்தான் அத்தனை வேணும்."

"பொடியினாலதான் கொறைஞ்சுதுங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். நரம்பால இருக்கலாம், மில்லுப் பாய்லர் பக்கத்துச் சூட்டாலயும் இருக்கலாம். ஆனா பொடி உங்களுக்கு நல்லது பண்ணலைன்னு அடிச்சுச் சொல்லுவேன். வயித்துப்போக்கும் மயக்கமும் அதுதான். இன்னைக்கே நிறுத்துங்க. உடம்புக்கு வேண்டிய அளவு நீங்க திங்கற கடலைக்காயிலயும் கொள்ளுலயுமே இருக்குது." நரம்பைக் கட்டிவிட ஒரு சின்ன ஆபரேசன் என்றார். பெரியாஸ்பத்திரியிலேயே செய்வார்கள், தான் எழுதித் தருவதாகச் சொன்னார். அப்புறம் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "கண்டிப்பா நிக்கும்னு வாக்குக் குடுக்க முடியாது. வழி இருக்குது, அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டே கேட்டார். "அம்மணி வரலீங்களா?"

"அவளுக்குத் தெரியாதுங் சார்."

"ஆபரேசனுக்கப்பறம் ஒன்றரை மாசம் மூட்டை தூக்கக் கூடாது. எப்படி மறைப்பீங்க?" சீட்டைக் கிழித்து நீட்டினார். "புதங்கெழமை கூட்டிட்டு வாங்க. எட்டு வருசமா அவங்களையே எல்லாரும் பாத்துட்டிருக்காங்கல்ல."

இரண்டு நாள் அந்தச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. சனிக்கிழமை செவ்வந்தி தலைக்கு ஊற்றிவிட்டு வந்து, நாளைக்குக் கட்ட மஞ்சள் சேலையை மடித்தபோது, "செவ்வந்தி" என்று கூப்பிட்டான். "என்னங் மாமா?" என்று அவள் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததும், "சேலை நல்லாருக்குது" என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் கோயில் வாசலில் பதினொரு பெண்கள் மண்டி போட்டார்கள். வெள்ளகோவில், காங்கயம், ஈரோட்டுப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். புருசன்மார்கள் அக்கட்டால் தள்ளி, பைக்குகளைச் சுற்றி நின்று போனைப் பார்த்துக்கொண்டும் பீடி குடித்துக்கொண்டும் இருந்தார்கள். காற்று செம்மண்ணை வாரி அடித்தது. பூசாரி தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, குண்டாவிலிருந்து ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தார். செவ்வந்தி வரிசையில் கடைசி. அவளுக்கு முன்னால் சோறு விழுந்தது. ஆவி பறந்த சோற்றின் மேல் உடனே மண் படிந்தது. அவள் கையைப் பின்னால் கட்டினாள். கழுத்தில் மஞ்சள் கயிறு முன்னால் தொங்கியது. குனியப் போனவள், போன வருசத்துப் பல் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு நொடி கண்ணை இறுக்கி மூடினாள்.

அன்புமணி செருப்பைக் கழற்றியது யாருக்கும் தெரியவில்லை. நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டான்.

"யாருப்பா அது? எந்திரி. ஆம்பளைக்கு இங்க என்ன சோலி?" என்றார் பூசாரி.

"எனக்கும் போடுங்க சாமி."

"அன்பு! கிறுக்குப் புடிச்சுருச்சாடா?" வள்ளியாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "எந்திரிடா, நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும்மா." அவன் எழவில்லை. "கொறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணுமில்ல. மூணு வருசத்துக்கு முந்தியே சீட்டுல எழுதியிருந்துது. நாந்தான் மாத்திப் படிச்சேன். இவ தின்னதெல்லாம் என்ற பங்கு."

பைக்குப் பக்கம் ஒருத்தன் கெக்கலி கொட்டினான். வரிசையில் இருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள். நாலாவதாக இருந்த ஒருத்தி, வாயில் ஒட்டிய பருக்கையோடு, பூசாரியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "போடுங் பூசாரி. ஒரு ஆம்பளையாவது இந்த மண்ணு எப்படி இருக்குதுன்னு தின்னு பாக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி வள்ளியாத்தாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூசாரி ஒரு கரண்டி எடுத்து அவன் முன்னால் போட்டார்.

செவ்வந்தி திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "மொத வருசம் நான் இங்க குனியறப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"போன வருசம்?"

"தெரியும்."

"பல்லுவலின்னு நான் அழுகறப்ப, கிராம்பு வாங்கிட்டு வந்து குடுத்தியே. அப்ப?"

முதல் தடவையாக அவனை 'நீ' என்கிறாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். எழுந்தாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு காலுக்கு ஒரு தட்டு தட்டினாள். "என்றதையும் சேத்துத் தின்னு" என்று சொல்லிவிட்டு, வரிசையை விட்டு நடந்து போனாள்.

அன்புமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். சோறு சுட்டது. மண் பல்லில் நறநறத்தது. கன்னத்திலும் மூக்கிலும் ஒட்டியதை வழிக்கக் கை இல்லை. தன் பங்கைத் தின்று முடித்து, முட்டியாலேயே நகர்ந்து அவள் பங்குக்குப் போனான். அதில் இன்னும் அதிகமாக மண் விழுந்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றான். அவன் நிமிர்ந்தபோது வரிசை கலைந்திருந்தது.

செவ்வந்தி பஸ் நிற்கிற இடத்தில் வேலமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி வள்ளியாத்தாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. அன்புமணி போய் நின்றான். கரூர் போகிற பஸ் ஒன்று நிற்காமல் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"டாக்டரைப் பாத்தியா?" என்றாள் செவ்வந்தி.

"பாத்தேன். புதங்கெழமை உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"சீட்டு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பிரித்தாள். அவளுக்குத் தெரியாத எழுத்து. மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"படி," என்றாள். "அத்தையும் கேக்கட்டும். உள்ளது உள்ளபடி படி."

காற்றில் படபடத்த சீட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, அன்புமணி முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான்.